குடையின் உள்பக்கம்

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மாத்திரை போடச் சொன்னால், "போட்டுட்டேன், போட்டுட்டேன்" என்கிறாள். மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறது. நீயாவது சொல்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுவாய். காகிதத்தில் அது முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நம் குடை வியாபாரிகள் சங்கச் செயலாளர் வந்திருந்தார். அடுத்த மாதம் கண்காட்சி அல்லவா, அதில் அரங்கு எடுப்பவர்கள் எல்லோரும் தங்களைப் பற்றி எழுதிக் கொடுத்த அறிமுகங்களைப் புத்தகமாகப் போடுகிறோம். தலைவர் என்ற முறையில் அச்சுக்குப் போகும் முன் என்னிடம் காட்ட வேண்டும். காட்டினார். உன் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டு, "என்னங்க, உங்க பொண்ணு எழுதினதுல உங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே! வீட்ல ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உச்சுக்கொட்டவும் செய்தார். அந்த உச்சுக்கொட்டல் எனக்குப் பொறுக்கவில்லை.

என் தாத்தா தெருமுனையில் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்தார். என் அப்பா கடை போட்டார். நான் அதைத் தொழிற்சாலை ஆக்கினேன். நீ நாலாவது தலைமுறை. இதைச் சொல்ல உனக்கு என்ன கூச்சம்? "நான்கு தலைமுறைக் குடைக் குடும்பத்தில் பிறந்தவள்" என்று முதல் வரியில் சேர்த்துவிடு. ஒரே வரிதான் கேட்கிறேன்.

தனி அரங்கும் உனக்கு வேண்டாம். நம் கம்பெனி அரங்கிலேயே ஒரு மூலை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். "பெண்கள் பிரிவு" என்று பலகை வைத்துக்கொள்ளலாம். உன் அண்ணனும் சரி என்கிறான். அந்த மாடி அறையில் தனியாகக் கிடந்து ஏன் கஷ்டப்பட வேண்டும்?

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
உன் அப்பா


பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாயாடி எழுதுவது. நான் நலம். அம்மாவிடம் மாத்திரை பற்றிச் சொன்னேன். "உங்கப்பா என் மாத்திரையை எண்ணுறதை விட்டுட்டுத் தன் பிரஷரைப் பாத்துக்கச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன்.

முதலில் ஒன்று. நான் இருப்பது மாடி அறை இல்லை, கடை. கீழே சலவைக்கடை, மேலே குடைக்கடை. கீழேயிருந்து நாள் முழுக்க இஸ்திரி ஆவி வருவதால் தரை சூடாக இருக்கும், என் பெயிண்ட் சீக்கிரம் காயும். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த இடத்தைப் பிடித்தேன். சன்னலோரம் நீள மேசை. குடைத்துணியை அதில் விரித்துப்போட்டுத்தான் வரைகிறேன். வாசலில் பலகை இருக்கிறது, மணி இருக்கிறது. நீங்கள் ஒருநாளாவது வந்து அந்த மணியை அடித்திருந்தால் உங்களுக்கும் கடை என்றே எழுத வந்திருக்கும்.

நான் எழுதிய அறிமுகத்தை நீங்கள் முழுதாகப் படித்தீர்களா, அல்லது உங்கள் பெயரைத் தேடிவிட்டு மூடிவிட்டீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது. மறுபடியும் எழுதுகிறேன்:

"நான் குடை செய்கிறேன். வெளிப்பக்கம் எல்லாக் குடைக்கும் ஒரே சாம்பல் நிறம். படம் உள்பக்கம் இருக்கும். குடையின் கீழே நடப்பவர் மட்டும்தான் அதைப் பார்க்கலாம்.

படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய குடைக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தேன். உடைந்த குடையோடு வருகிறவர்கள் குடையைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுவார்கள். ஒருவர் கம்பி வளைந்த குடையைக் கொடுத்துவிட்டு, மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த கதையைச் சொன்னார். கம்பியை மாற்றிக் கொடுத்தோம். கதையை என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பிறகு அந்த வேலையை விட்டேன். டெலிவரி வண்டிகளில் பெயர் எழுதினேன். குழந்தைகள் நாடகத்துக்குக் காடும் கடலும் வரைந்தேன். ஒரு பல் டாக்டர் சுவருக்கு வரையக் கூப்பிட்டார். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவருக்குச் சுவர் எங்கே தெரியும்? கூரையில் வரைகிறேன் என்று அடம்பிடித்து வரைந்தேன். மேலே பார்க்கிற ஒரே ஒருவருக்காக வரைவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குக் குடையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்கவில்லை.

எனக்குப் பிடித்தவை: ஆறிப்போன காபி, பேருந்தில் கடைசி சீட்டு, கோபத்தை மறைக்கத் தெரியாதவர்கள். பிடிக்காதவை: ரிப்பன் கட்டிய பொட்டலம், 'க்யூட்டா இருக்கு' என்ற பாராட்டு, எதை வரைய வேண்டும் என்று சொல்லித் தருகிறவர்கள்.

குடை வேண்டுமானால் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். என்ன வேலை செய்தீர்கள், எது பிடிக்கும், எது பிடிக்காது. படித்துவிட்டு என்ன வரைவது என்று நான் முடிவு செய்வேன். எழுதாதவர்களுக்குக் குடை இல்லை."

இதில் எந்த வரி பொய் அப்பா? உங்கள் கம்பெனியை 'பெரிய' என்றுதானே எழுதியிருக்கிறேன்?

நான்கு தலைமுறை என்று என்னால் எழுத முடியாது. கம்பெனிப் பொறுப்பை ஒப்படைத்த அன்றைக்கு அண்ணனையும் என்னையும் உங்கள் அறைக்குக் கூப்பிட்டீர்கள். அண்ணனை உங்கள் நாற்காலியில் உட்காரச் சொன்னீர்கள். என்னிடம், "நீ எப்பவும் போலப் புகாரைப் பாத்துக்கோம்மா" என்றீர்கள். அண்ணன் மேல் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை, பாவம், அவன் அந்த நாற்காலியில் நெளிந்துகொண்டுதான் உட்கார்ந்தான். ஆனால் அந்த வரிசையில் நீங்கள் என்னை நிறுத்தவில்லை. இப்போது புத்தகத்துக்காக மட்டும் நான் வந்து நிற்க மாட்டேன்.

பெண்கள் பிரிவு வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஆண்கள். அவர்களை எங்கே நிறுத்துவது?

அன்புடன், அதே அளவு பிடிவாதத்துடன்,
உங்கள் மகள்


பிப்ரவரி 17

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மா அதை எனக்கு முன்னால் பிரித்துப் படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். அவள் எந்தக் கட்சி என்று இந்த வீட்டில் எனக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. நீ எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை. தலைவர் நினைத்தால் தொடலாம். தொடவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தனி அரங்குகளுக்குச் சீட்டுக் குலுக்கினோம். உனக்குக் கழிப்பறைக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. அதில் என் கை இல்லை, செயலாளர்தான் எடுத்தார். மாற்ற வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல், முன்வாசலில் நம் அரங்குக்குப் பக்கத்திலேயே போடச் சொல்கிறேன். அந்த ஒரு வார்த்தை சொல்வதால் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நாற்காலி விஷயத்தைப் பற்றி எழுதியிருந்தாய். ஒரு நாற்காலியில் இரண்டு பேரை உட்காரவைக்க முடியுமா? மூத்தவன் அவன். நீ வேறு வீட்டுக்குப் போகிறவள் என்று நினைத்தேன். நீ எந்த வீட்டுக்கும் போகாமல் சலவைக்கடை மாடிக்குப் போவாய் என்று எனக்கு ஜோசியமா தெரியும்?

உடம்பைப் பார்த்துக்கொள். பெயிண்ட் நெடியில் உட்காராதே, சன்னலைத் திறந்து வை.

உன் அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கண்காட்சி முடிந்து சாமான்களை எல்லாம் மாடி ஏற்றிவிட்டு எழுதுகிறேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். முன்வாசல் அரங்கை வேண்டாதவர்கள் தாண்டிப் போய்விடலாம். கழிப்பறையை யாரும் தாண்டிப் போக முடியாது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என் எதிரே நின்றார்கள். நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? ஒவ்வொருவர் கையிலும் ஒரு குடையைக் கொடுத்து, "தலைக்கு மேல பிடிச்சுப் பாருங்க" என்றேன். ஒரு அம்மாள் தன் முறை வந்ததையே மறந்து குடையின் கீழே நின்றுகொண்டிருந்தார். பின்னால் இருந்தவர், "ஏம்மா, போறீங்களா, நான் போகட்டுமா?" என்று கெஞ்சினார். என் மேசையில் இப்போது ஒரு கட்டு அறிமுகக் கடிதங்கள் இருக்கின்றன. மழைக்காலம் வரை மூச்சுவிட நேரமில்லை.

இதெல்லாம் நல்ல சேதி. மற்றதையும் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் நீங்கள் வந்தீர்கள். அண்ணனும் செயலாளரும் பின்னால் வந்தார்கள். நீங்கள் ஒரு குடையை எடுத்தீர்கள். ஒரு பழைய ரயில் டிரைவருக்காக வரைந்தது அது. காட்டிவிட்டுத் தருகிறேன் என்று அவரிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தேன். வேலையில் இருந்த காலமெல்லாம் தண்டவாளத்தை மட்டுமே பார்த்ததாகவும், பக்கத்தில் ஓடிய வயலையும் வீட்டையும் ஒருநாளும் நிம்மதியாகப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தார். அதையெல்லாம்தான் உள்ளே வரைந்திருந்தேன்.

நீங்கள் குடையை விரித்தீர்கள். இடுப்பு உயரத்தில் பிடித்துத் துணியின் மேல் தட்டினீர்கள். தையலை நகத்தால் நெருடினீர்கள். கம்பியை இழுத்துவிட்டீர்கள். "தையல் சுத்தமா இருக்கு. ஆனா சும்மா சாம்பல் கலர்ல என்ன வியாபாரம் ஆகும்?" என்றீர்கள். மடக்கி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

தலைக்கு மேல் பிடிக்கவே இல்லை அப்பா. கழிப்பறை வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். நீங்கள் பார்க்கவில்லை. எனக்கு வலித்தது. இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகள்


மார்ச் 14

அன்பு மகளுக்கு,

குடையைச் சோதிக்கிறவன் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பான். தண்ணீர் வெளியேதான் விழுகிறது. என் அப்பா எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார், நானும் ஆயுசு முழுக்க அப்படித்தான் பார்த்திருக்கிறேன். ஒரு குடையைக் கையில் எடுத்தால் என் கை தானாக அதைச் செய்யும். இதற்குப் போய் வலித்தது அது இது என்று எழுதினால் நான் என்ன செய்வேன்? தையல் சுத்தம் என்று சொன்னேன். அதை நான் என் தொழிற்சாலையிலேயே யாரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணனைக் கேட்டுப் பார்.

போகட்டும். வீட்டுக்கு வந்து உன் அண்ணன் எல்லாம் சொன்னான். அவன் உள்ளே பார்த்தானாம். சாப்பிடும்போது அதையே பேசிக்கொண்டிருந்தான், உன் அம்மா சாதம் போடுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் யோசித்தேன். ஒரு ஏற்பாடு சொல்கிறேன், கோபப்படாமல் படி. உன் படங்களை நம் தொழிற்சாலையிலேயே துணியில் அச்சடிக்கலாம். ஆனால் வெளிப்பக்கம். நாலு பேர் கண்ணில் பட்டால்தானே நாலு பேர் கேட்பார்கள்? ஒளித்துவைத்து யாராவது வியாபாரம் செய்வார்களா? உனக்கு வடிவமைப்புத் தலைவர் என்று பதவி. தனி அறை. நாற்காலிதானே உன் குறை? நல்ல சுழல்நாற்காலியாக வாங்கிப் போடுகிறேன்.

முதலில் மாதிரிக்கு எனக்கு ஒரு குடை செய்து அனுப்பு. அறிமுகக் கடிதமெல்லாம் கேட்காதே. நான் யாரென்று உனக்குத் தெரியாதா?

உன் அப்பா


மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஆர்டரை ஏற்க முடியாது. எழுதாதவர்களுக்குக் குடை இல்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். தெரியாது அப்பா. உங்கள் குரல் எந்த அறையில் கேட்டால் நாங்கள் எந்த அறைக்கு ஓட வேண்டும் என்று தெரியும். காலையில் செருப்புச் சத்தத்தை வைத்தே உங்கள் கோபத்தை அளந்துவிடுவேன். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். "சூடா இருந்தா எதுவும் பிடிக்கும்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. முன்பின் தெரியாத ரயில் டிரைவரைப் பற்றி எனக்கு ஒரு பக்கம் தெரியும். உங்களைப் பற்றி ஒரு வரி தெரியாது.

உங்கள் ஏற்பாட்டுக்கும் என் பதில் இதுதான், முடியாது. வெளிப்பக்கம் அச்சடித்தால் அது பத்தோடு பதினொன்று. பிடித்து நடக்கிறவருக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பதுதான் என் கடை. சுழல்நாற்காலி வேண்டாம், என்னிடம் ஸ்டூல் இருக்கிறது. ஒரு கால் குட்டை, அட்டையை மடித்து வைத்திருக்கிறேன், சௌகரியமாகத்தான் இருக்கிறது. அதில் உட்கார யாருடைய உத்தரவும் தேவையில்லை.

இன்னொன்று. சொந்தக்காரர்கள் கேட்டால், "அவ ஏதோ பொழுதுபோக்கா பண்ணிட்டிருக்கா" என்று சொல்கிறீர்களாம். அண்ணன் மறைக்கத் தெரியாதவன், உளறிவிட்டான். காலையில் ஷட்டரைத் தூக்கினால் கழுத்து மரத்துப்போகும்வரை குனிந்து வரைகிறேன். விரலில் கம்பி குத்தாத நாளே இல்லை. இது பொழுதுபோக்கு என்றால் உங்கள் தொழிற்சாலையும் பொழுதுபோக்குதான்.

நாற்காலியோ மூலையோ நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நான் ஒரு வியாபாரி என்று நீங்கள் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். என்னிடம் தனியாகச் சொன்னால் போதாது. அதைச் சொல்லும்வரை நானும் எழுத மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம்.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அதை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 24

குடைக்கடை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு ஒரு குடை வேண்டும். தங்கள் விதிப்படி என்னைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம் போதும் என்கிறீர்கள். கொஞ்சம் கூடிவிட்டால் பொறுத்துக்கொள்ளவும். இதுவரை என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

தொழில்: குடை. இந்தத் தொழிலை நான் தேர்ந்தெடுக்கவில்லை. படிப்பு முடிந்த மறுநாள் என் அப்பா என்னைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் உட்கார்ந்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை. பிற்பாடு நான் என் மகனையும் கேட்கவில்லை, மகளையும் கேட்கவில்லை. நானும் மகனும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டோம். மகள் எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். "உங்ககிட்ட இருந்து வரலைங்கறது மட்டும் நிச்சயம்" என்றாள்.

பிடித்தவை: முடிவெட்டுகிறவர் கடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அந்த நேரத்தில் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குடையை விரிக்கும்போது ஸ்பிரிங் போடும் சத்தம். சூடாக இருந்தால் எதுவும் பிடிக்கும் என்பது தவறான தகவல். சூடாக இல்லாவிட்டால் சண்டை வரும் என்று என் மனைவியே முடிவு செய்துகொண்டது அது.

பிடிக்காதவை: மழை. எனக்கு மழை பிடிக்காது. செருப்பு நனையும், சளி பிடிக்கும், வீடெல்லாம் ஈர நாற்றம். குடைக் கம்பெனி முதலாளி இதை வெளியே சொல்ல முடியுமா? இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து மழை வந்தால் சிரித்த முகமாக இருந்திருக்கிறேன். இதைத் தாங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது.

குடும்பம்: இதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. போன வாரம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. உறுப்பினர் பட்டியல் வாசித்தார்கள். தங்கள் கடையின் உறுப்பினர் விண்ணப்பம் வந்தபோது செயலாளர் எழுந்து, "நம்ம தலைவரோட பொண்ணுதானே, ஏதோ ஆசைக்குச் செய்யுது. தலைவர் அட்டையிலேயே சேத்துடலாமே?" என்றார். மண்டபம் நிறைய ஆட்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து, "அது எப்படிங்க சேக்க முடியும்? என்கிட்ட வருஷக்கணக்கா வாங்கின ரெண்டு பேர் இப்ப அவகிட்டப் போயிட்டாங்க. என் தொழிலுக்கு அது எதிர்க்கடை. தனி அட்டை போடுங்க, தனி ஓட்டு குடுங்க" என்றேன். செயலாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். அட்டை தங்களுக்குத் தபாலில் வரும். அடுத்த தேர்தலில் எனக்கு எதிராக ஓட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

தாங்கள் கேட்டதற்காக நான் இதைச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டு பேர் நிஜமாகவே போய்விட்டார்கள். எனக்கு அது நிஜமாகவே எரிகிறது.

ஆகவே: எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் குடை வியாபாரிகள். மூத்தவன் என் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறான். இளையவள் எதிர்க்கடை.

கண்காட்சியில் நான் செய்தது தப்பு என்று இதில் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். வெளிப்பக்கம்தான் நனைகிறது.

இப்படிக்கு,
குடை கேட்டு விண்ணப்பிக்கும் வாடிக்கையாளர்


ஏப்ரல் 29

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் அறிமுகம் கிடைத்தது. ஆர்டர் ஏற்கப்பட்டது. தங்களுக்கு முன்னால் ஒரு கட்டுக் கடிதங்கள் காத்திருப்பதால் மழைக்காலம் தொடங்கிய பிறகே குடை கிடைக்கும். பெரிய கம்பெனி முதலாளி என்பதற்காக வரிசையில் முன்னே தள்ள முடியாது. சிபாரிசுக்கு மனைவியை அனுப்ப வேண்டாம், அவர் ஏற்கெனவே போன் செய்துவிட்டார். அவருக்கும் இதே பதில்தான்.

உள்ளே என்ன வரையப் போகிறேன் என்று சொல்லும் வழக்கம் இல்லை. மழை பிடிக்காதவர் மழைக்குள் நடந்துபோகும்போது பார்ப்பதற்கு ஒன்று யோசித்துவிட்டேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் கடிதத்தை மேசையில் வைத்துப் படிக்க முடியவில்லை, மை கலங்கிவிடும்போல் இருந்தது. வாசல் பக்கம் போய், கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தேன். வாடிக்கையாளர் கடிதத்துக்கு நான் இப்படியெல்லாம் அழுவதில்லை. இந்த ஒரு முறை அழுதேன், சத்தமாகவே அழுதேன். கீழே சலவைக்கடைக்காரர், "மேல என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லை, ஒரு ஆர்டர் வந்திருக்கு" என்றேன்.

குடையைக் கையில் வாங்கும்போது ஒரு நிபந்தனை உண்டு. தையலை நெருடக் கூடாது, கம்பியை இழுக்கக் கூடாது. நேராகத் தலைக்கு மேல். உங்கள் கம்பெனி வாசலில் நின்று பிடித்தால் இன்னும் நல்லது. அந்த இரண்டு பேர் போதாது, மற்றவர்களும் வேண்டும்.

இப்படிக்கு,
எதிர்க்கடைக்காரி